இடது கையில் பாத்திரம்

ஆஸ்பத்திரியில் சுருள் கோடு வரையச் சொன்னார்கள். கிறிஸ்துராஜ் வலது கையால் பிசிறில்லாமல் வரைந்து கொடுத்தார். போன வருஷம் தலையை மொட்டையடித்து, ஒரு கருவியை மாட்டி, கத்தி வைக்காமல் ஒலி அலையாலேயே மூளையில் ஒரு புள்ளியைச் சுட்டு அந்தக் கையின் நடுக்கத்தை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம்தான் செய்தார்கள். இடது கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்காக எடுத்த புது ஸ்கேனை டாக்டர் அகல்யா காட்டினார். சுட்ட இடம் சுருங்கிவிட்டது. சுற்றியுள்ள பகுதிகளில் புதிய மாற்றங்கள் தெரிகின்றனவாம். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அப்ப மறுபடி ஆடுமா மேடம்?"

"சில பேருக்கு வந்திருக்கு சார். உங்களுக்கு எப்படின்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சியே."

கிறிஸ்துராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபப்பட வேண்டிய ஆள் இங்கே இல்லை, ஆவடியில் இருந்தான்.

பங்குப் பேரவைத் தலைவன் பெனிட்டோ. கோவிலில் நற்கருணை அப்பம் கொடுத்துக்கொண்டிருந்தவரை, கை ஆடுவதைக் காட்டி, காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று ஃபாதரிடம் சொல்லி அந்தப் பொறுப்பிலிருந்து இறக்கியவன். கிறிஸ்துராஜ் பீரைக்கூடத் தொட்டதில்லை. மொட்டையைப் பார்த்து வேளாங்கண்ணி வேண்டுதலா என்று கேட்டவனும் அவன்தான். வலது கை ஆட்டம் நின்றதும், மாதா குடியை நிறுத்திவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னான். இப்போது மறுபடி நற்கருணை கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வலது கை ஆடாமல் இருக்கும்போதே, சொன்னதை அவன் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும். மறுபடி ஆடினால் மறுபடி குடிகாரன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் பின்னறையில் பெனிட்டோ நெருங்கி வந்தான். "அண்ணாத்தே, பாத்திரத்த நான் புடிச்சிக்கிறேன். நீ குடுத்தா போதும்."

"நான் குடிக்கலன்னு மைக்ல சொல்லு. அப்பால புடி."

"பழச எதுக்கு கிளறிக்கினு? அதான் மாதா பாத்துக்கினாங்களே."

"மாதாவ இழுக்காத. சொன்னது நீ."

மனைவி தெரசா சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வுடுய்யா. குடுக்கக் கூப்ட்டதே போதும்."

"போதாது தெரசா. குடிச்சவனுக்கு ஒரு கை மட்டுமா ஆடும்? இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும்."

பாத்திரத்தை அவரே இடது கையில் எடுத்துக்கொண்டு பீடத்தின் கீழே நின்றார். கல்யாண மோதிரம் பாத்திரத்தில் டக்டக்கென்று மோதியது. பக்கத்து மைக் அதை வாங்கிக் கோவில் முழுக்கப் போட்டது. பாட்டுப் பாடியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வரிசையில் முதலில் பெனிட்டோ கைகளை ஏந்தி நின்றான்.

"கிறிஸ்துவின் திருவுடல்."

பெனிட்டோவுக்கு ஆமென் வரவில்லை. மோதிரம் தட்டிக்கொண்டே இருந்தது. அப்பத்தைப் பிடித்த வலது கை அவன் முகத்துக்கு நேராக, கொஞ்சமும் அசையாமல், நின்றது.