சட்னியைப் பாராட்டிய மாமியார்

"சட்னி நல்லா இருக்குது கண்ணு" என்று தெய்வாத்தாள் சொன்னதும் நிர்மலாவுக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. பதினெட்டு வருஷமாக மருமகள் செய்த எதையும் நல்லது என்று சொல்லாத வாய் அது. மாமியாருக்குப் பனியன் கம்பெனியில் துணியில் பழுது தேடுகிற செக்கிங் வேலை. தைத்துச் சரிசெய்ய முடிந்தால் ஆல்ட்டர், முடியாவிட்டால் ரிஜெக்ட். வீட்டிலும் அதே கண்தான். அந்தப் பொம்பளை சட்னியைப் புகழ்ந்தால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம்.

அன்று மத்தியானமே, பழுதான துணியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரைச் சுவரிலும் இட்லிச் சட்டியிலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் மருமகளைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

அவள் மகன், நிர்மலாவின் புருசன், குணா என்று ஒருத்தன் இருக்கிறானே! போனை நோண்டியபடியே, "மறதி நோய். எழுவது வயசாச்சு, வராம என்ன? இனித் தேறாது" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். கோயமுத்தூர் பக்கம் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பமும் வாங்கி நிரப்பியாச்சு. வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விடுவதாம். அம்மா படுக்கிற ரூமில் ரெண்டு தையல் மிசின் போடலாமாம்!

"ஏனுங்க, முந்தாநாள் வரைக்கும் நூல் பிசிறைக்கூட விடாதவங்க. ரெண்டே நாள்ல எப்படீங்க?"

"நீ பெரிய டாக்டரா?"

தூ! இவனிடம் பேசுவதற்கு ஓவர்லாக் மிசினிடம் பேசலாம்.

மாமியார் மேல் நிர்மலாவுக்குப் பாசம் ஒன்றும் பொங்கி வழியவில்லை. ஆனால் தினமும் திட்டின வாய் யாரோ மாதிரி "எந்த ஊருங்க" என்று கேட்டது நெஞ்சைப் பிசைந்தது. வியாழக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா மூத்திரத்தைச் சோதிக்கச் சொன்னார். "யூரின் இன்ஃபெக்‌ஷன்ங்க. வயசானவங்களுக்குச் சில சமயம் காய்ச்சல்கூடக் காட்டாது. உடம்பு கிருமியோட போடற சண்டை மூளையையும் கலக்கிடும். மறதி நோய் மெல்ல மெல்ல வரும், இப்படி ரெண்டு நாள்ல வராது. கவனிக்காம விட்டா, போன ஞாபகம் முழுசாத் திரும்பாமலும் போகலாம். தண்ணி குடிப்பாங்களா?"

எங்கே குடிக்க? கம்பெனியில் கக்கூசுக்குப் போனால் சூப்பர்வைசர் வாட்சைப் பார்ப்பான். அந்த மவராசனுக்குப் பயந்து சாயங்காலம் வரை தொண்டையைக் காயப்போடுகிற பொம்பளைகள். அதே கம்பெனியில் தைக்கிற நிர்மலாவும் அப்படித்தான்.

ஊசியும் மருந்துமாக அஞ்சாம் நாள் வீட்டில், "என்ன சட்னி இது, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கறே?" என்றாள் தெய்வாத்தாள். சந்தோஷத்தில் நிர்மலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நோயில் கிடந்த நாள்கள் மட்டும் கிழவிக்குச் சுத்தமாக நினைவில்லை. அந்தத் தைரியத்தில் குணா ரெண்டு ஆப்பிளை வைத்துவிட்டு, "நாந்தாம்மா உன்னைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன்" என்று அளந்தான்.

"என்ற தங்கம்!" என்று உருகினாள் தாய்.

நிர்மலா விறுவிறுவென்று உள்ளே போனாள். துவைக்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துவைத்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்து மாமியார் மடியில் போட்டாள்.

தெய்வாத்தாள் கண்ணாடியை மாட்டி, துணி பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பார்த்தாள். மகன் கையெழுத்துத்தான். 'ஆளை அடையாளம் தெரியாது. இனித் தேறாது. திரும்ப அழைத்துப்போக மாட்டோம்.'

கிழவி தலையணைக்கு அடியிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, அவன் சட்டையில் நெஞ்சுக்கு நேராக ஒட்டினாள்.

"இது ஆல்ட்டருக்கும் ஆகாது நிர்மலா" என்றாள். "ரிஜெக்ட்ல போடு."