காம்பில் விழுந்த கோடு

விடியுமுன்பே சவுக்குத் தோப்பில் கோடரிச் சத்தம் கேட்டது. கண்டனூருக்கு மேற்கே, செம்மலை குடும்பத்துத் தோப்பு. ஒல்லியான மரங்களைக் கழித்தால்தான் மற்றவை பருக்கும். கழிக்க வேண்டியவற்றில் செம்மலை முந்தின நாளே சுண்ணாம்புக் கோடு இழுத்துவிடுவார்.

ஏழு ஆண்கள் வெட்டினார்கள். பெண்கள் கழித்த சிறு கிளைகளை மிலாறுக் கட்டுகளாகக் கட்டினார்கள். கொப்புளம் உடைந்த கையில் கோடரிக் காம்பு வழுக்கியது. சவுக்குத் தூசி வியர்வையோடு கழுத்தை அரித்தது.

பெத்தன் வெட்டிய மரம் தரைக்கு வரவில்லை. பக்கத்து மரத்தின் கிளையில் மாட்டித் தொங்கியது.

"ஏறி அந்தக் கொப்பைத் தறிச்சு விட்டா இறங்கிரும்யா" என்றான் சாதிக் அலி.

"அது கோடு போடாத மரம். காயம் படக்கூடாது" என்றார் செம்மலை. "பெத்தா, தோள் குடுத்துத் தள்ளு."

பெத்தன் தோள் கொடுத்தான். மரம் உருண்டு அவன் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

செம்மலை ஓடிவந்தார். பெத்தனைத் தாண்டிப் போய், கோடு போடாத மரத்தைத் தடவினார்.

"பட்டை உரிஞ்சுருச்சேடா."

பெத்தனின் மனைவி ஒச்சம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். காறித் தரையில் துப்பினாள்.

"வண்டியக் குடுங்கய்யா. காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்" என்றார் கருத்தையா. கூட்டத்தில் மூத்தவர் அவர்தான்.

"கட்டை ஏத்தியிருக்கு. ரத்தம் பட்டா யாரு கழுவுறது?"

இரண்டு கழிகளில் சாக்கைக் கட்டிப் பெத்தனைத் தூக்கிப் போனார்கள்.

மாலையில் கருத்தையாவும் சாதிக் அலியும் செம்மலையிடம் போனார்கள்.

"அவன் எந்திரிக்கிற வரைக்கும் வைத்தியத்தையும் வீட்டுச் சோத்தையும் நீங்க பாக்கணும்யா."

செம்மலை பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். எதையோ துப்பினார். "வளைஞ்சதத் தோப்புல வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண?"

கோடரிகள் அவருடையவை. கொட்டகையில்தான் கிடக்கும். ஆளை வேலையைவிட்டு நிறுத்துவதென்றால் இரவோடு அவன் கோடரிக் காம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுவார். முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

மறுநாள் விடியலில் கொட்டகையில் மூன்று காம்புகளில் கோடு இருந்தது. பெத்தன். கருத்தையா. சாதிக் அலி.

"மனுசனுக்கும் மரத்துக்கும் ஒரே சுண்ணாம்புச் சட்டி" என்றான் சாதிக் அலி.

இராமு யாரிடமும் அதிகம் பேசாதவன். வீட்டில் ஐந்து வாய். தன் கோடரியைப் புரட்டிப் பார்த்தான். கோடு இல்லை. மூலையிலிருந்த சுண்ணாம்புச் சட்டியில் விரலைவிட்டுத் தன் காம்பில் இழுத்தான்.

"எனக்கு விட்டுப்போச்சுண்ணே" என்றான்.

சட்டி கைமாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த ஒச்சம்மாள், தன் அரிவாள் பிடியிலும் இழுத்தாள். மற்றப் பெண்கள் கேட்டு வாங்கினார்கள்.

செம்மலை வந்தபோது கோடரிகள் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் கோடு. பின்னால் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எவன்டா இது? பத்து மணிக்குக் கட்டை ஏத்த லாரி வருது. எந்திரிங்கடா."

"எங்களத்தான் கழிச்சுட்டீகளேய்யா" என்றார் கருத்தையா.

"வேற ஆளுக்கா பஞ்சம்? வலையபட்டியில இருந்து கூட்டியாருவேன்."

"கூட்டியாங்க" என்றாள் ஒச்சம்மாள். "அந்த ரத்தச் சாக்கு இன்னும் காயல. அவுகளுக்கும் காட்டுறோம்."

செம்மலையின் பார்வை இராமுவிடம் வந்து நின்றது. இராமு சுண்ணாம்பு விரலை வேட்டியில் துடைக்கவில்லை.

லாரி தார் ரோட்டிலிருந்து தோப்புப் பாதைக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.