தரை தொடாத பெடல்

கணவர் ஓட்டும் அவருடைய காரில் உட்கார்ந்து போவதைவிட, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்று அந்த நர்ஸுக்குத் தோன்றாத நாளில்லை. மனுஷர் தங்கமானவர்தான். ஆனால் அவர் ஓட்டினால் சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். போதாததற்கு வழியெல்லாம் அறிவுரை. தோழி வீட்டுக்குக் கிளம்பினாலும் "நான் கொண்டுபோய் விடறேனே" என்று சாவியோடு வாசலில் நிற்பார்.

எல்லாம் அவளுடைய பழைய ஆட்டோமேடிக் கார் படுத்துக்கொண்டதால் வந்த வினை. சின்ன வயதில் அடிபட்டதில் அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்கிற வண்டி ஒத்துவராது. கிளட்சே இல்லாத இந்தக் கிழட்டு வண்டியில்தான் அவள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்துகொண்டிருந்தாள்.

மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தால் வண்டி தானாக ஒரு கியர் இறங்கி, தம் கட்டி ஏற வேண்டும். ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து இழுபட்டு, கியர்பாக்ஸை இறங்கச் சொல்வது ஒரு மெல்லிய கம்பி. கிக்டவுன் கேபிள் என்பார்கள். எஞ்சின் பக்கம் அதன் நுனியில் இருந்த குமிழ் பிய்ந்துபோய்விட்டது. அன்றிலிருந்து வண்டி மேட்டைக் கண்டாலே மூக்கால் அழுதது.

"அப்படியே ஓட்டாதீங்கம்மா, கியர்பாக்ஸ் கருகிடும். புதுக் கேபிள் எங்கயும் இல்ல" என்று மெக்கானிக் கைவிரித்தார்.

கணவர் விடவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிடுறேன். நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்குத் தனி வண்டி?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. மத்தியானம் அவளுக்கு டியூட்டி. காலையிலேயே மெக்கானிக்கைப் போனில் பிடித்து உலுக்கியதில் ஒரு வழி சொன்னார். சைக்கிள் கடையில் திருகு வைத்த குமிழ் கிடைக்கும். அதைக் கம்பியில் மாட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கம்பியை விறைப்பாக இழுத்துத் திருகை முடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குமிழை வாங்கிவந்து அவளே பானெட்டுக்குள் தலையை விட்டாள். கணவரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தாள்.

"முழுசா மிதிங்க!"

"மிதிச்சாச்சு!"

"முழுசாவா?"

"அட, மிதிச்சாச்சுங்கிறேன்ல!"

கம்பியை இழுத்து முடுக்கினாள். கையெல்லாம் கிரீஸ், மனசெல்லாம் சந்தோஷம். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை மேட்டுக்குப் போனாள். கொஞ்சம் மிதித்ததற்கே வண்டி கியர் இறங்கி ஊரைக் கூட்டியது. இன்னும் மிதிக்கலாம் என்றால் பெடல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரும்புக்காரர் முகம் கண்ணில் தெரிந்தது.

வாசலுக்குத் திரும்பி வந்தவள் பெடலையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு திருகைத் தளர்த்திவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"மறுபடி உட்காருங்க. மிதிங்க."

அவர் மிதித்தார். அவள் குனிந்து பார்த்தாள். பெடலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு செருப்பைச் செருகலாம் போல இடம் இருந்தது.

"ஏங்க, இதுதான் உங்க முழுசா?"

"ஆமா. ஏன், இதுக்கு மேலயும் போகுமா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிற மனிதர் ஒரு தடவைகூடப் பெடலின் அடியைப் பார்த்ததில்லை! அவருடைய பாதியை முழுசு என்று நம்பித்தான் அவள் கம்பியை முடுக்கியிருந்தாள். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"நீங்க எறங்குங்க. நான் மிதிக்கிறேன், நீங்க முடுக்குங்க."

அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கடுகளவு திருகோடு குடும்பம் நடத்துகிறவர். அவள் வலது காலால் பெடலைத் தரையோடு தரையாக அழுத்திப் பிடிக்க, அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கம்பியை இழுத்து, திருகை முடுக்கி, போதாதென்று இன்னொரு தரமும் முடுக்கினார்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து சீட்டில் அவரும் ஏறிக்கொண்டார். மலைப்பாதையில் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. நேரான ரோடு வந்தது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. அவள் அடிவரை மிதித்தாள். வண்டி ஒரு கியர் இறங்கி, உறுமி, லாரியைத் தாண்டிப் போனது. கணவர் கதவுப் பிடியைத் தொற்றிக்கொண்டிருந்தார். மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தி அவள் சாவியை நீட்டினாள். "எடுத்துட்டுப் போங்க. டியூட்டி முடிஞ்சதும் வந்துருவீங்கல்ல?"

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம்?"

"பஸ்ஸா? எதுக்கு?"

"உன் வண்டி. நீயே ஓட்டிட்டு வா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ இந்த மலையில ஏறி எறங்குற வரைக்கும் கடையில எனக்கு ஒரு வேலை ஓடாதும்மா. பயம். அதான் நானே கூட்டிட்டு வந்துட்டிருந்தேன்."

"இப்போ?"

"இப்பவும் பயம்தான். அதுக்காக உன்னைப் பக்கத்து சீட்டுலயே உட்காரவச்சுட முடியுமா?"

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த மனுஷரை இத்தனை நாள் வாய்க்கு வந்தபடி திட்டினோமே என்றும் இருந்தது. திட்டியதில் முக்கால்வாசி நியாயம் என்றும் இருந்தது.

அவர் நாலடி நடந்து, திரும்பி வந்து, ஜன்னலில் குனிந்தார். "எறங்கி வர்றப்ப, அந்த ரெண்டாவது வளைவுல..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.