மேலே கொட்டிய மண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. யாரையும் சட்டென்று நம்பாத தனம் என்கிற ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

பெருமுக்கல் பக்கம், தோல் கம்பெனி மூடிப் பதினைந்து வருடம் ஆன நிலம் அது. கழிவு ஊறிப்போய்ப் புல்கூட முளைக்காது. சுற்றியிருந்த கிணறுகள் கெட்டு, தனத்தின் கிணறு ஒன்றுதான் மிச்சம். அவளுடைய ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அதுதான் உயிர்.

2014இல் ஊர்க்காரர்கள் சங்கம் சேர்ந்து அங்கே சோலார் தகடு நிறுத்த முடிவு செய்தார்கள். மின்சாரத்தில் எல்லா வீட்டுக்கும் பங்கு. விஷ மண்ணைத் தோண்டமாட்டோம், மேலே இரண்டடி ஏரிக் களிமண் போட்டு மூடிவிட்டால் மழைத்தண்ணீர் விஷத்தைக் கரைத்து இறங்காது என்று இன்ஜினியர் பார்த்திபன் விளக்கினான். தனம் மட்டும் தலையாட்டவில்லை.

லாரிகள் வந்தன. எந்த ஏரி மண் என்று கேட்டாள். வானூர் என்றான் ஒரு டிரைவர், மரக்காணம் என்றான் இன்னொருவன். ஏரி மண்ணென்றால் நத்தை ஓடு கிடக்க வேண்டும். அள்ளிப் பார்த்தாள், ஒன்றுகூட இல்லை.

விதைப்புக்கு முன் சட்டியில் நாலு விதை போட்டு முளைப்புப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விதையைச் சோதிக்கிற சட்டியில் அவள் மண்ணைச் சோதித்தாள். ஒன்றில் தன் கொல்லை மண், மற்றதில் லாரி மண், ஒரே மூட்டை மல்லாட்டை. பத்தாம் நாள் இரண்டையும் சங்கக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒன்று பச்சை, ஒன்று மொட்டை.

“களிமண்ணு இறுகிக்கும்மா. லேட்டாதான் வரும்” என்றான் பார்த்திபன்.

“லேட்டா வர்றதுக்கு உள்ள உசுரு இருக்கணும்ல, தம்பி? கிளறிப் பாரு.”

கிளறினான். வேர் நுனியெல்லாம் கருகிக் கிடந்தது.

மண் காண்ட்ராக்டர் மாரியப்பன், சட்டியெல்லாம் ஒரு சாட்சியா என்று சிரித்தான். தனம் அதை அவன் முன்னால் நகர்த்தினாள்.

“நல்ல மண்ணுதானே? உன் கொல்லைக்கு நாலு லோடு கொட்டிக்கினு போயேன்.”

அவன் சட்டியைத் தொடவில்லை. கூட்டம் முழுக்க அவன் கையையே பார்த்தது.

மறுநாளே பார்த்திபன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினான். பழைய கம்பெனி ஊருக்கு வெளியே குவித்திருந்த கழிவு மேட்டையே மாரியப்பன் அள்ளி வந்து கொட்டியிருந்தது தெரிந்தது. மழைக்கு முன் அத்தனையும் அள்ளப்பட்டு, ஊர் பார்க்க ஏரி மண் வந்தது.

இப்போது தனத்தின் மோட்டார் அந்தத் தகட்டு மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் மாதாமாதம் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வைக்காமல் அவள் பார்த்திபனை விடுவதில்லை.

உங்கள் வீட்டு உலை நல்ல தண்ணீரில் கொதிக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் நோய்நொடி அறியாமல் வளரட்டும்.