ஒகோலாவின் நாலாவது மாடி

நியாலெண்டாவில் எங்கள் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் கட்டக் கூடாது. சாக்கடைக் குழாய் அவ்வளவு பேரைத்தான் தாங்கும். வீட்டுக்காரன் ஒகோலா நாலு மாடி எழுப்பினான். சாக்கடை என் டீக்கடை வாசலில் பொங்கியது. ஆள் குடியிருந்தால் நகராட்சி இடிக்கத் தயங்கும் என்று, அந்தப் படுபாவி மேலே காலியாகக் கிடந்த அறைகளுக்கும் திரைச்சீலை மாட்டிவைத்தான். எங்கள் ஊர் வீட்டுக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அன்று காலை இடிக்கும் இயந்திரத்தோடும் காவலர்களோடும் நகராட்சி அதிகாரி ஒபாரே வந்தார். கீழ்மாடிக்காரர்களை மெத்தையும் அடுப்புமாகத் தெருவுக்கு விரட்டினார். மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"வெறும் திரைதான். இடிங்கடா!"

நாலாவது மாடியில் என் தங்கை அவூர் தூங்கிக்கொண்டிருந்தாள். மீன் ஆலையில் இரவு வேலை. போன வாரம்தான் அங்கே குடிவந்தாள்.

"சார், என் தங்கச்சி உள்ள இருக்கா!"

"இடிக்கப் போற எடத்துல எல்லாம் ஒரு தங்கச்சி இருக்கா. போய் டீயப் போடும்மா."

இரும்புக் கை சுவரில் இறங்கியது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. சப்பாத்திக் கட்டையை எடுத்து ஒபாரேயின் தாடையில் போட்டேன். பல் தெறித்தது. காவலன் ஒருவன் என் முடியைப் பிடித்து இழுத்தான்; அவன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம். இயந்திரத்தில் ஏறி ஓட்டுநரின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். அலறிக்கொண்டே நிறுத்தினான்.

புழுதி அடங்கியது. முன்சுவர் போன அறையில், கட்டிலை இறுக்கிப் பிடித்தபடி அவூர் உட்கார்ந்திருந்தாள். நெற்றி பிளந்து ரத்தம் வழிந்தது. ஆனால் உயிரோடு இருந்தாள். ஓவென்று அழுதுவிட்டேன்.

படிக்கட்டுக்கு ஓடினால், ஒகோலா வழியை மறித்து நின்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"அபோண்டி, என் வீட்டையே காப்பாத்திட்ட தாயி! இனி எவன் கைவைப்பான்? அவள எறக்கிடாத. அங்கயே இருக்கட்டும்."

"அடப்பாவி, ரத்தம் ஊத்துதுடா!"

"துணி கட்டிவிடு. அவ அங்க இருக்குற வரைக்கும்தான் வீடு நிக்கும்."

அவன் முழங்காலில் ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவனைத் தாண்டி ஏறினேன். அவூரை முதுகில் சுமந்து இறக்கி, கடை பெஞ்சில் கிடத்தினேன். அதற்குள் காவலர்கள் ஒகோலாவைத் தெருவுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஓட்டுநர் வீங்கிய மணிக்கட்டோடு என்னைப் பார்த்தான். நான் கட்டையைக் கீழே போட்டேன்.

"இப்ப மேல யாரும் இல்ல. இடி."