வட்டக் கொட்டகைக்குத் தகரம் அடித்தார்கள்

என் வீட்டுக்காரர் மெர்லினுக்கு இடுப்பெலும்பை மாற்றியாகிவிட்டது. எழுப்பி நடக்க வைத்தும் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் சனிக்கிழமைதான் வீட்டுக்கு அனுப்புவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை மாநில அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கொட்டகையைப் பார்க்க வருகிறாள். இங்கே உட்கார்ந்து மெர்லின் சூப் குடிப்பதை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

"நீ காலை ஆட்டிக்கிட்டே இருக்கிறதைப் பாத்தா எனக்குத் தையலே பிரிஞ்சுரும் போல இருக்கு, ஆர்லிஸ்," என்றார் மெர்லின். "வீட்டுக்குப் போ. அந்தப் பொண்ணுக்கு நல்லா சுத்திக் காட்டு. பலகையை எப்படி வளைச்சாங்கன்னு மறக்காம சொல்லு."

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா அதைத்தானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கீங்க."

எங்கள் கொட்டகை வட்டமானது. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் அப்படி ஏழெட்டு இருந்தன. காற்றும் தீயும் சோம்பேறித்தனமும் கொண்டுபோனது போக மிஞ்சியது இது ஒன்றுதான். மெர்லின் குடும்பத்தார் பலகைகளை ஓடையில் ஊறப்போட்டு வளைத்துக் கட்டியது. நடுவில் வைக்கோல், சுற்றிலும் மாடுகள். சாயம் போய், இரண்டு மூன்று பலகை உரிந்து தொங்கி, பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. இருந்தாலும் இப்போது எங்கள் உயிர் அதில்தான் இருந்தது. காரணம், நெடுஞ்சாலையை நேராக்கப் போகிறார்கள். வாஷிங்டன் மத்திய அரசுப் பணத்தில் போடும் ரோடு. அதற்காக இழுத்த கோடு கொட்டகை வழியாக வந்து நேராக என் அடுப்படிக்குள் நுழைகிறது. கொட்டகை பழங்காலக் கட்டடப் பட்டியலில் ஏறிவிட்டால், வேறு வழி இருக்கும்வரை அதைத் தொடக் கூடாது. கொட்டகை தப்பினால் வீடும் தப்பும். அவ்வளவுதான் சங்கதி.

புதன்கிழமை பிற்பகல் காரை எடுத்தேன். முன்னால் போன சோள வண்டி நத்தை மாதிரி ஊர்ந்தது. அந்த ஓட்டுநரின் குடும்பத்தையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் திருப்பத்துக்கு வந்ததும் தூரத்தில் ஏதோ வெள்ளையாகப் பளபளத்தது. வேறு யார் தோட்டத்துக்கோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தபால் பெட்டியைப் பார்த்தேன். எங்கள் பெயர்தான் இருந்தது.

கொட்டகையைச் சுற்றித் தரையிலிருந்து கூரை வரை புத்தம் புது வெள்ளைத் தகரம் அடித்திருந்தார்கள். சின்னச் சின்ன ஜன்னல்கள் இருந்த இடமே தெரியவில்லை. முற்றம் நிறைய பிக்கப் வண்டிகள். நீள மேஜை போட்டு பன்றித்தொடை ஹாம், உருளைக்கிழங்கு, பச்சை ஜெல்லி சாலட், பழம் வைத்துச் சுட்ட பை ஆறேழு வகை எல்லாம் பரப்பியிருந்தார்கள். சர்ச்சுக்கு வருகிற அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். நான் காரைவிட்டு இறங்கியதும் கைதட்டினார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஒருவர் படுத்துவிட்டால் ஊரே திரண்டு வந்து அவர் வேலையைச் செய்துவிட்டுப் போகும். யாரும் கேட்பதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை. மெர்லினின் சோளத்தைக் காலையிலேயே அறுத்துக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்த நேரத்தில் இந்தத் தகரம்.

ஏணியிலிருந்து வெர்ஜில் இறங்கி வந்தான். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன். மெர்லினோடு ஒரே வகுப்பில் படித்தவன். கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது.

"எப்படி இருக்கு, ஆர்லிஸ்?"

என்ன சொல்வேன்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். வெர்ஜிலின் மனைவி என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினாள். "நன்றி" என்றேன். புளிப்பான ருபார்ப் தண்டு வைத்த பை ஒரு துண்டு சாப்பிட்டேன். மண்ணைத் தின்கிற மாதிரி இருந்தது. இன்னொரு துண்டும் வைத்தார்கள், அதையும் தின்றேன்.

மறுநாள் காலை மாநில அலுவலகத்துப் பெண் வந்தாள். பெயர் கொரின். கார் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இதுதானா அது?"

"உள்ளே இருக்கு," என்றேன். "தகரத்துக்குள்ளே."

சுற்றி வந்தாள். தகரத்தைத் தட்டிப் பார்த்தாள். ஓர் ஓரத்தில் விரலை விட்டுப் பழைய பலகையைத் தொட்டுப் பார்த்தாள். நல்ல பெண்தான், திட்டவில்லை. ஆனால் அவள் முகம் விழுந்துபோனதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அடியில பலகை பத்திரமா இருக்கும்மா. ஆனா இப்படி மூடி வச்சிருக்கிறதைப் பட்டியல் போடுற குழு ஏத்துக்காது. அடுத்த வாரம் கூடுறாங்க. திங்கக்கிழமைக்குள்ளே தகரத்தைக் கழட்டிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினீங்கன்னா நான் பேசிப் பாக்கிறேன். இல்லேன்னா கஷ்டம்."

"ஊரே சேர்ந்து அடிச்சதும்மா. கழட்டுங்கன்னு எந்த மூஞ்சியோட போய்ச் சொல்றது?"

அவள் காரிலிருந்து ரோடு வரைபடத்தை எடுத்துப் பானெட் மேல் விரித்தாள். சிவப்புக் கோடு எங்கள் வீட்டு வழியாகப் போனது. நீலக் கோடு ஒன்றும் இருந்தது. சிவப்பு முடியாவிட்டால் நீலம் என்றாள். அந்த நீலக் கோடு போகிற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. வெர்ஜிலின் பள்ளத்து வயல். அவனிடம் இருப்பதிலேயே நல்ல மண், நட்டநடுவே இரண்டாக.

"இந்தப் படம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"கவுண்டி ஆபீஸ்ல வசந்தத்துலேர்ந்தே ஒட்டி வச்சிருக்காங்களே."

அவள் போன பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. பாத்திரம் கழுவ ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். நாய்க்குச் சோறு வைத்தேனா இல்லையா என்பதே நினைவில்லை. ஜன்னலுக்குப் போனால் அந்த வெள்ளைச் சனியன் முகத்தில் அறைந்தது. வெர்ஜில் தெரிந்தேதான் செய்தானோ? கொட்டகை பட்டியலில் ஏறாவிட்டால் அவன் வயல் தப்பும். ஊரையே கூட்டி, பை சுட வைத்து, எனக்குக் கைதட்டவும் வைத்து, என் வீட்டுக்குக் குழி பறித்துவிட்டானோ? சே, வெர்ஜிலா அப்படி என்று ஒரு மனசு சொன்னது. ஏன், அவனும் மனுஷன்தானே என்று இன்னொரு மனசு கேட்டது. எங்கள் ஊரில் இப்படிப்பட்டதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனசுக்குள் புழுங்கியபடியே அடுத்த வீட்டுச் சாவுக்குச் சாலட் கொண்டுபோவார்கள். நான் மூன்று கவுண்டி தள்ளியிருந்து வாக்கப்பட்டு வந்தவள். என்னால் அது ஆகாது.

காரை எடுத்துக்கொண்டு போனேன். வெர்ஜில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் கிடந்து கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

"வெர்ஜில், வெளியே வா. ஒண்ணு கேக்கணும்."

வந்தான். துணியில் கையைத் துடைத்தான்.

"அந்தத் தகரத்தை வேணும்னேதான் அடிச்சியா?"

"வேணும்னேதான். பின்னே தானா போய் ஒட்டிக்குமா?"

"விளையாடாதே. அது இருந்தா கொட்டகை பட்டியல்ல ஏறாதாம். ஏறலைன்னா ரோடு என் வீட்டு வழியா வரும். ஏறிச்சுன்னா உன் வயல் வழியா. படத்தைப் பாத்தியா இல்லையா?"

துணியை மடித்தான். திரும்பவும் பிரித்தான்.

"பாத்தேன். வசந்தத்துலயே பாத்தேன்."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ? மாநிலத்து ஆளு பாக்க வருதுன்னு சர்ச்சுல சொன்னாங்க. மெர்லின் கொட்டகையில பலகை உரிஞ்சு தொங்குது. அவனோ ஆஸ்பத்திரியில கிடக்கான். வர்றவங்க அவனைச் சோம்பேறின்னு நெனைச்சுட்டா? கொட்டகையை இப்படிப் போட்டு வச்சிருக்கான், இவனுக்கு எதுக்குப் பட்டியல்னு சொல்லிட்டா? நல்லாப் பண்ணி வச்சா சட்டுனு குடுத்துடுவாங்கன்னு பாத்தேன். பழசா இருக்கிறதுக்குத்தான் குடுப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"உன் வயலு?"

"அது வேற, இது வேற."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவன் காதில் விழாத மாதிரிதான் இருந்திருப்பான்.

"கழட்டணும்," என்றேன். "திங்கக்கிழமைக்குள்ளே."

"ஸ்குருதான் போட்டிருக்கு. கழண்டு வந்துடும்." தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "மத்தவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு, ஆர்லிஸ். சனிக்கிழமை மெர்லின் வர்றப்போ அது இருக்கட்டும். ஒரு தடவை பாத்துடட்டும். அப்புறம் கழட்டிடலாம்."

சரி என்றேன்.

சனிக்கிழமை மெர்லினைக் கூட்டிவந்தபோது வெர்ஜில் முற்றத்தில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். மெர்லின் காருக்குள்ளிருந்தபடியே கொட்டகையை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது எனக்குத் தெரிந்தது. வாக்கரை ஊன்றி இறங்கினார்.

"நல்லா இருக்குடா," என்றார்.

"விரலை நசுக்கிக்கிட்டேன்டா இதுல," என்றான் வெர்ஜில், முகமெல்லாம் மலர்ந்து.

"உனக்கு அந்த விரல் எதுக்கு? அதால எப்ப வேலை செஞ்சே நீ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெர்லின் வீட்டுக்குள் வந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையால் கண்ணை மூடிக்கொண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். போட்டோ, திங்கட்கிழமை, நீலக் கோடு, வெர்ஜில் ஒத்துக்கொண்டது, எல்லாவற்றையும்.

"வேண்டாம்," என்றார்.

"என்ன வேண்டாம்?"

"தகரம் இருக்கட்டும். அவன் வயலை நறுக்கிட்டு நான் இந்த வீட்டுல உக்காந்து காப்பி குடிக்கவா? எனக்குத் தொண்டையில இறங்காது. டவுன்ல வாடகைக்கு வீடு பாத்துக்கலாம்."

"அவன் உங்களுக்காக வயலை விடறேங்கறான். நீங்க அவனுக்காக வீட்டை விடறேங்கறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை எங்கே கொண்டுபோய் விடப் போறீங்க?"

"நீ ஏன் அவன்கிட்டப் போய்க் கேட்டே?" என்றார். கோபமாகக்கூட இல்லை. வெட்கத்தோடு கேட்டார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"எனக்கு வேணும், அதான் கேட்டேன்," என்றேன். "இந்த வீடு எனக்கு வேணும். இந்த அடுப்படி எனக்கு வேணும். நான் இங்கேதான் சாகப்போறேன். இந்தக் கவுண்டியில வேணும்னு வாயைத் திறந்து சொல்ற ஒரே ஜென்மம் நானா இருந்தா இருந்துட்டுப் போறேன். வயல்ல பாதி போனாலும் அவனுக்குப் பாதி இருக்கும். வீட்டுல பாதி மிஞ்சுமா?"

மெர்லின் எழுந்திருக்கப் பார்த்தார். கை வாக்கரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் எழுந்து வெளியே போய் வெர்ஜிலிடம் "விட்டுடுடா" என்று சொன்னால் வெர்ஜில் கழற்ற மாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுவதற்குள் நான் வாசலைத் தாண்டிவிட்டேன்.

வெர்ஜில் ஏணியைச் சாத்திவிட்டு, சலவைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டிருந்தான். அவன் எடுப்பதற்குள் கீழே கிடந்த டிரில்லை நான் எடுத்துக்கொண்டேன்.

"நான் ஏறறேன்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"உன் வயலுக்குள்ளே ரோட்டை விடற ஸ்குருவை உன் கையாலயே கழட்ட வேண்டாம். கழட்டினது நான்தான்னு இருக்கட்டும். ஊர்ல யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."

ஏறினேன். நான் உயரத்தில் ஏறிப் பழகியவள் இல்லை. முதல் ஸ்குரு கிறீச்சென்று கத்திக்கொண்டு வந்தது. தகரம் விலகிய இடத்தில் பழைய பலகையின் வளைவு தெரிந்தது. பின்னால் வாக்கர் தரையில் மோதும் சத்தம் கேட்டது. வாசல்வரை வந்து நின்றது. மெர்லின் அதற்கு மேல் வரவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே வெர்ஜில் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், அறுவடை முடிந்த அவன் பள்ளத்து வயல் கிடந்தது.

"ஆட்டிடாதே, வெர்ஜில்," என்றேன்.

"ஆட்டணும்னு இருந்தா எப்பவோ ஆட்டியிருப்பேன்," என்றான். "நீ அடுத்த ஸ்குருவைப் பாரு."