புருலாய் சாய்ந்தால் ஊர் சாயும்

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் பயிற்சியில் புருலாய் சேர்ந்த இளவேனிலில், அவள் தன்னையறியாமல் விமானத்தை எந்தப் பக்கம் சாய்த்தாளோ, நாரின் ஆற்றங்கரையில் எங்கள் ஊரும் அந்தப் பக்கம் சாய்ந்தது. தெரிந்தே திருப்பினால் வீடுகள் அசைவதில்லை; தவறினால் மட்டும்தான். முதல் வாரம் புளித்த குதிரைப்பாலான குமிஸ் நிறைந்த பீப்பாய்கள் தெருவில் உருண்டன. அடுத்த வாரம் கட்டில் கால்களை எல்லோரும் தரையோடு சேர்த்து ஆணியடித்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி அவள் நெற்றியில் மறைப்பு மாட்டிவிட்டு, பயிற்சியாளர் ஷார்ஷென் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: “ஒடம்பு பொய் சொல்லும் புள்ள. கருவி முள்ள நம்பு.”

கோடையில் அடுப்பிலிருந்த சூப்புச் சட்டி கவிழ்ந்து எங்கள் தெரு அஜாருடைய மகளின் கால் வெந்துபோனது. அஜார் புருலாயின் கணவன் தெமிரிடம் நேரே வந்தாள். “தம்பி, ஒன் பொண்டாட்டிய தரையில எறக்கு. இல்ல, ஓடுதளத்துல நாங்க உருளக்கிழங்கு போட்டுருவோம்.” புருலாய் அந்தக் குழந்தையின் காலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் ஊர் ஒரு வாய்ப்புக் கொடுத்தது: தேர்வு நாளில் ஊர் சாய்ந்தால் அதோடு அவள் பறப்பதை விட்டுவிட வேண்டும்.

அன்று மலையை மூடி மேகம் இறங்கியிருந்தது. தெமிர் பள்ளிக்கூடக் கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தான்.

“எறங்குய்யா, அவ ஏறிட்டா!” என்று கீழேயிருந்து கத்தினோம்.

“மழ வருது. இன்னும் நாலு தகரம் பாக்கி.” இடுப்பில் கயிறுகூட இல்லை.

மேகத்துக்குள் புருலாயின் உடம்பு முழுவதும், விமானம் வலப்பக்கம் கவிழ்கிறது என்று அலறியது. கருவியோ நேராக இருக்கிறது என்றது. அவள் கை தானாக இடப்பக்கம் நகர்ந்தது. கீழே கூரை ஒரு விரல் சரிந்தது. தெமிர் தகரத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான். “அடியே, முள்ளப் பாருடி,” என்றான். அவளுக்கு அது கேட்க வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். உடம்பு கெஞ்சியது. அவள் கேட்கவில்லை. ஓடுதளம் நோக்கி இறங்கியபோது, அதற்குக் கீழே போகக்கூடாது என்று விதித்த உயரம் வந்தது, வெளியே வெண்மை மட்டும்தான். மேலேறிவிடலாம் என்று விசையில் கை வைத்த நொடியில், மூக்குக்கு நேரே ஓடுதள விளக்குகள் தெரிந்தன.

அவள் தேறினாள். அந்த ஒரு விரல் சரிவை ஊர் கணக்கில் எடுக்கவில்லை. அஜார் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மறுவருடம் மூன்று பேர் பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர்கள் பறக்கிற நேரத்தில் எங்கள் ஊர் நாவிதர் சவரக்கத்தியைக் கையில் எடுப்பதில்லை.